குறைவுக்கு ஒரு காரணம்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு சனிக்கிழமை மத்தியானம் வீடு திரும்பியவள், கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஒன்பது வயது மகள் குருவி சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். மேஜையில் பைபிள் விரித்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு பச்சைக் கலர் பென்சில்.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றான் கணவன். குரலில் கோபமே இல்லை. அவள் கைப்பையை இறக்கி வைக்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாதத்துக்கு முன்னால் வலது கை விரல்கள் சக்கரத்தில் மாட்டி நசுங்கின. கை ஆறியது, வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கடவுளுக்குப் பயந்தவர்களுக்குக் குறைவே இல்லை என்ற பைபிள் சங்கீத வசனம் சின்ன வயதிலிருந்து அவனுக்கு மனப்பாடம். இப்போதோ வீட்டில் குறைவு வந்து உட்கார்ந்திருந்தது. அப்படியானால் வீட்டில் யாரோ பயப்படவில்லை என்று அவன் முடிவு கட்டினான். முதலில் தன்னையே சல்லடை போட்டுச் சலித்து மூன்று நாள் உபவாசம் இருந்தான். பிறகு பழைய பாட்டு கேசட்டுகள் குப்பைக்குப் போயின. அதன் பின்னால் அவளுடைய உதட்டுச்சாயமும், அவள் அண்ணன் கொடுத்த சீட்டுக்கட்டும். தானாகத் தெளிவார் என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூடியிருக்கக் கூடாது.

பென்சில் வகுப்புத் தோழியுடையதாம். பள்ளிப் பையைக் கொட்டியபோது கிடைத்ததாம். இன்னும் என்னென்ன ஒளித்திருக்கிறாள் என்று சொல்லும்வரை சாப்பாடு கிடையாது என்று காலையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறான். திருடிய பொருளைக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்த ஒருவனால் ஒரு படையே தோற்ற பைபிள் கதையை மனைவிக்கு நிதானமாக எடுத்துச் சொன்னான். அந்தக் கதையின் முடிவு அவளுக்குத் தெரியும். புதைத்தவனைப் பிள்ளைகளோடு கூட்டிக்கொண்டுபோய்க் கல்லெறிந்தார்கள்.

"குருவி, உள்ள போ," என்றாள். பிள்ளை நகரவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தது.

அவள் பைபிளைத் தன் பக்கம் இழுத்தாள். ஆலயத்தில் எப்போதோ காதில் விழுந்த ஒன்று நினைவில் இருந்தது, எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. தாள்கள் விரலில் ஒட்டின. அவன் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பட்டவற்றையெல்லாம் தள்ளித் தள்ளி, கடவுளுக்கே ஊழியம் செய்த பவுல் எழுதிய கடிதத்தில் அதைப் பிடித்தாள். பசியில் கிடந்தேன், தாகத்தில் கிடந்தேன், குளிரில் உடுத்தத் துணி இல்லாமல் இருந்தேன் என்று அந்த மனுஷனே சொல்லியிருந்தார். அதைச் சத்தமாக வாசித்தாள்.

"இவரு யார் பென்சில எடுத்தாரு? சொல்லுங்க."

அவன் குனிந்து அந்த வரிகளைப் பார்த்தான்.

"குறைவே வராதுன்னும் போட்டிருக்கு, இதுவும் போட்டிருக்கு. ரெண்டும் எப்படிப் பொருந்தும்னு எனக்குத் தெரியாதுங்க. பெரியவங்க யாரையாவது கேளுங்க. ஆனா புள்ளையப் பட்டினி போட்டா தீரும்னு இதுல இல்ல."

அவன் நசுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அப்ப காரணமே இல்லையா?" என்றான். "பாவம்னா திருத்திக்கலாம். காரணமே இல்லன்னா இது எப்ப முடியும்?"

ஏழு மாதமாக அவன் எதற்கு நடுங்கிக்கொண்டிருந்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கைப்பையில் இருந்த ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். வெளியே தாள் புரளும் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் இரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை அவனே மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போய், பென்சிலைத் திருப்பிக் கொடுக்க வைத்தான். பள்ளி வாசலில் மண்டியிட்டு மகளிடம் மன்னிப்புக் கேட்டானாம். குருவிதான் வந்து சொன்னாள். அதன்பிறகு அவன் எதையும் தேடவில்லை. ஆனாலும் குருவியின் அம்மா பல மாதம், கதவைத் திறந்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தாள்.