ஏழாம் பக்கத்து மௌனம்

தட்டச்சுப் பொறியைக் கம்பளித் துணியில் சுற்றிக் கட்டினாள் ஸ்மரந்தா. முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது. பிப்ரவரி முடிய இரண்டே நாள்தான் பாக்கி. வீட்டில் பொறி வைத்திருக்கும் எல்லோரும் வருடா வருடம் அதைக் காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அவர்கள் கண்ணெதிரே ஒரு தாள் அடித்துக் காட்ட வேண்டும். தாள் அட்டையில் ஒட்டப்பட்டு அங்கேயே தங்கிவிடும். பிறகு ஊரில் எவராவது எழுதக்கூடாததை எழுதினால், எந்தப் பொறி என்று அட்டை காட்டிக்கொடுக்கும். க்ளூஜ் நகரத்தில் பாலுக்கும் முட்டைக்கும்தான் பஞ்சம், அட்டைகளுக்கு இல்லை.

ஸ்மரந்தா எழுதக்கூடாததைத்தான் எழுதியிருந்தாள். மொத்தம் பதினொரு பக்கம்.

இருபத்திரண்டு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் அறவியல் நடத்துகிறாள். வகுப்பில் மேலிடத்துப் பாடப்புத்தகம், வீட்டில் சொந்த யோசனை. எது நல்லது, எது கெட்டது என்று எழுதிக் குவித்த பெரிய மனிதர்கள் எல்லாம் தனியாக நின்று முடிவெடுக்கும் ஓர் ஆணைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். ரத்தம் நிற்காமல் கிடக்கும் ஒருத்தியின் கட்டிலோரம் உட்கார்ந்து எவராவது யோசித்ததுண்டா என்பது அவள் கேள்வி. அந்தக் கேள்வி நூலகத்திலிருந்து வந்ததல்ல, எதிர் வீட்டு அவுரிகாவிடமிருந்து வந்தது.

அவுரிகாவுக்குத் துணி ஆலையில் வேலை. முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். மூன்றாவது தரித்தபோது, இன்னொன்றை வளர்க்கத் தெம்பில்லை என்று அழுதாள். கலைத்தால் சிறை. ஒரு மருத்துவச்சியின் விலாசத்தைத் தேடிக் கொடுத்தவள் ஸ்மரந்தாதான். காரியம் கெட்டுப்போய், போன மார்ச்சில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அங்கே அரசு வழக்கறிஞரின் ஆள் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உதவியவர் பெயரைச் சொன்னால்தான் வைத்தியம். அவுரிகா யார் பெயரையும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கிழட்டு டாக்டர் அந்த ஆளை வெளியே விரட்டி அவளைக் காப்பாற்றினார், தானாகக் கலைந்தது என்று எழுதியும் கொடுத்தார்.

இதைத்தான் ஸ்மரந்தா பெயர் போடாமல் எழுதினாள். பயமுறுத்தப்பட்டவள் பொய் சொன்னாலும் காட்டிக்கொடுத்தாலும் அந்தப் பாவம் பயமுறுத்தியவனுடையது என்று ஆறாம் பக்கத்தில் வாதாடினாள். ஆனால் இந்தப் பெண் அந்தச் சலுகையைக்கூடக் கேட்கவில்லை, சாவின் முன்னால் வாய் திறக்காமல் கிடந்தாள் என்று ஏழாம் பக்கத்தில் முடித்தாள். எழுதியதில் அவளுக்கே மிகப் பிடித்த பக்கம் அது. கார்பன் வைத்து அடித்த ஐந்து பிரதிகளும் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயின.

ஜனவரியில் ரயில் நிலையத்தில் ஒரு மாணவியைச் சோதனை போட்டார்கள். அவள் பையிலிருந்து ஸ்மரந்தா எழுதியதில் நாலு பக்கம் சிக்கியது. செய்தி ஸ்மரந்தாவுக்கு எட்டியது. அவளுடைய பொறியில் ‘ர’ எழுத்து மட்டும் வரியை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறி விழும். கண் தெரியாதவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். உடனே இடுக்கியை எடுத்து, அந்த எழுத்தின் கம்பியை வளைத்து, மற்ற எழுத்துகளோடு நேராக நிற்க வைத்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதி கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. போன வருடத்து அட்டை அங்கே இருக்கிறதே! அதில் ‘ர’ ஏறித்தானே நிற்கிறது! ஆயிரக்கணக்கான அட்டைகளில் அவளுடையதை இதுவரை யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது எழுத்து மாறியிருந்தால், பார்க்காதவனும் பார்ப்பான். அலறியடித்துக்கொண்டு மறுபடி இடுக்கியைப் பிடித்தாள். ‘ர’ பழைய இடத்துக்குப் போகாமல், குடித்தவனைப் போல ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. அறம் பற்றி அத்தனை பக்கம் எழுதியவளுக்கு ஒரு கம்பியை வளைக்கத் தெரியவில்லை.

காவல் நிலையத்தில் இளம் லெப்டினன்ட் ஒருவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். சுவரோரம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட எழுத்தர் பெண் ஒருத்தி.

“வாங்க தோழர் ஆசிரியை. குழந்தைய போத்துற மாதிரி போத்தித் தூக்கிட்டு வந்திருக்கீங்களே. சளி கிளி பிடிச்சிடுமா?”

“பனி பெய்யுது,” என்றாள் ஸ்மரந்தா.

அடித்துக் காட்டினாள். லெப்டினன்ட் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“இந்த ‘ர’வுக்கு என்ன ஆச்சு? சாஞ்சு நிக்குது?”

“கீழ விழுந்துடுச்சு.”

“ஓகோ. மெஷின் விழுந்து ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் அடிபட்டுச்சாக்கும்.” அவன் சிரித்தான். “போன வருஷத்து அட்டைய எடும்மா.”

எழுத்தர் பெண் பெட்டியில் விரல்களை ஓட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு அட்டையும் சரக் சரக் என்று சரிந்தது.

“உங்க வீட்ல இத வேற யாராவது தொடுவாங்களா?” என்று கேட்டான் லெப்டினன்ட். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. படிச்சவங்க நீங்க, எங்களுக்குப் புரியும். தெரியாத யாரோ உங்க மெஷின தப்பா உபயோகிச்சிருக்கலாம். சாவி வேற யார்கிட்ட இருக்கு?”

சாவி அவுரிகாவிடம் இருக்கிறது. ஸ்மரந்தா ஊருக்குப் போனால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற. அந்தப் பெயர் எங்கிருந்தோ கிளம்பி வந்து நாக்கு நுனியில் நின்றது. அவளே எழுதிய ஆறாம் பக்கமும் கூடவே வந்தது. சொல்லிவிடு, பாவம் இவனுடையது, உன்னுடையதல்ல. வாய் திறந்துகொண்டது.

“எதிர் வீட்ல ஒரு...”

“ஒத்துப் போகுது தோழர்,” என்றாள் எழுத்தர் பெண். அட்டையை ஒரு நொடி பார்த்துவிட்டு அதற்குள் பெட்டிக்குள் செருகியிருந்தாள். “போன வருஷமும் கோணல்தான். முத்திரை குத்திடவா? வெளிய பதினஞ்சு பேர் நிக்கிறாங்க.”

லெப்டினன்ட் கடிகாரத்தைப் பார்த்தான், கையை அசைத்தான். முத்திரை விழுந்தது. அந்தப் பெண் இரக்கப்பட்டாளா, சோம்பல்பட்டாளா, சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதா, தெரியவில்லை. அவள் தலை நிமிரவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உயிர் திரும்பி வந்த சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. இன்னும் ஒரு வார்த்தை பேச நேரம் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்ற பயம், காவல் நிலையத்துப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அந்தப் பயத்தோடுதான் மாடி ஏறினாள்.

அவுரிகா சோளக்களிச் சட்டியோடு கதவருகே நின்றாள். “என்ன அக்கா ஆச்சு? முகம் வெளுத்துக் கிடக்கு. விட்டுட்டாங்கல்ல?”

“விட்டுட்டாங்க.”

“என்னப் பத்திக் கேட்டாங்களா?”

இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம். ஸ்மரந்தா பொறியை மேசையில் வைத்தாள். “சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டான். எதிர் வீட்லன்னு ஆரம்பிச்சுட்டேன் அவுரிகா. பேர் வாய் வரைக்கும் வந்துடுச்சு. அந்தப் பொண்ணு குறுக்க பேசலன்னா சொல்லியிருப்பேன். உன்னால முடிஞ்சது என்னால முடியல.”

அவுரிகா சட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று ஸ்மரந்தா காத்திருந்தாள்.

“என்னால எங்க முடிஞ்சது?” என்றாள் அவுரிகா. “அந்த ஆளு கேட்டப்போ உங்க பேரத்தான் சொல்ல வந்தேன். ‘ஸ்ம’ன்னு ஆரம்பிச்சேன். மயக்கம் வந்துடுச்சு. அதுக்குப் பேரு வீரமா? நீங்க அப்படி எழுதிட்டீங்க, எனக்குச் சொல்ல வெக்கமாப் போச்சு.”

ஸ்மரந்தா மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆலையில என் பக்கத்துத் தறியில ஒருத்தி வேல பாக்குறா. அந்த ஏழாம் பக்கத்த எவளோ குடுத்துப் படிச்சிருக்கா. அவளும் ஆஸ்பத்திரியில கெடந்தவதான். தனக்கு உதவின மருத்துவச்சி பேர அவ சொல்லிட்டா. அந்தம்மா இப்ப ஜெயில்ல. ‘அந்தப் பொம்பள சாகப் போறப்பக்கூட வாயத் தொறக்கல, நான் மட்டும் எதுக்கு உசுரோட இருக்கேன்’னு தெனம் என்கிட்ட அழுறா. அந்தப் பொம்பள நான்தான்டின்னு என்னால சொல்ல முடியுமா?”

ஜன்னலுக்கு வெளியே யாரோ பனியை மண்வெட்டியால் வாரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே இருவரும் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தார்கள்.

“அவ பேர் என்ன?” என்றாள் ஸ்மரந்தா.

“வேணாம் அக்கா. உங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்.”

ஸ்மரந்தா துணியை அவிழ்த்தாள். அட்டை இப்போது இரண்டு. சாய்ந்த ‘ர’ முத்திரையோடு புத்தம் புதிதாக அங்கே இருக்கிறது. இனி இந்தப் பொறியில் ஒரு வரி அடித்தாலும் தப்பிக்க வழியில்லை.

“தலையணைய எடுத்து மெஷினுக்கு அடியில வை. கீழ் வீட்டுக்குச் சத்தம் கேக்கக் கூடாது,” என்றாள்.

அவுரிகா தலையணையை வைத்துவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். ஸ்மரந்தா தாளைச் செருகினாள். ஏழாம் பக்கத்தில் எழுதியது நடக்கவில்லை, அவள் மயங்கிவிட்டாள், நானும் வாய் திறந்தேன் என்று அடித்தாள். ‘ர’ ஒவ்வொரு முறையும் சாய்ந்தே விழுந்தது.