வாஷ்பேசின் உயரம்

குளிப்பதற்காகப் பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவதை ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளலாம். அவள் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தாள். துண்டு, மாற்றுத்துணி, சோப்பு டப்பா எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, டிப்டாப்பாக வேலைக்குக் கிளம்பியவர்களுக்கு நடுவே கலைந்த தலையோடு நாத்தனார் வீட்டுக்கு நடை. அங்கே வெந்நீர் தயாராக இருக்கும். வாளியைத் தொடவே விடமாட்டாள் நாத்தனார். "நீ விடும்மா, நான் எடுத்துட்டு வரேன்" என்று அவளே மூச்சு வாங்கச் சுமந்து வருவாள். ஒருநாளாவது, "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்று முகம் சுளித்தால் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

சொந்த வீட்டுக் குளியலறை குடலை உருவிப் போட்ட மாதிரி கிடந்தது. தரை முழுக்கப் பெயர்ந்திருந்தது. சுவரில் பாதிவரை மஞ்சள் டைல்ஸ். மீதியில் குழாய்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

இடிக்க ஆரம்பித்ததே மகளுக்காகத்தான். எட்டு வயது. கால் தசைகள் வருஷத்துக்கு வருஷம் வலுவிழந்துகொண்டே வரும் நோய். சக்கர நாற்காலி வந்த பிறகு பழைய குளியலறை வாசலில் அது நுழையவில்லை. வாசலை அகலமாக்கி, நிலைப்படியை எடுத்துவிட்டு, அவள் உட்கார்ந்தபடியே முகம் கழுவும் உயரத்தில் வாஷ்பேசின் வைப்பதாகத் திட்டம்.

வீட்டில் அவளுக்குப் பெயர் மேனேஜர். அப்பா வைத்த பெயர். வேலை நடந்த நாட்களில் நாற்காலியை வாசலில் நிறுத்திக்கொண்டு மேஸ்திரியை ஒருவழி பண்ணிவிடுவாள். அவர் வெள்ளை டைல்ஸ்தான் எடுப்பாக இருக்கும் என்றார். அவள் மஞ்சள் என்றாள். "குளிக்கிற ரூம் பாப்பா இது, பளிச்சுனு சுத்தமா தெரியவேணாமா?" என்று அவர் கேட்க, "அப்ப நீங்க போய் குளிச்சிட்டு வாங்க, சுத்தமா தெரியுறீங்களான்னு பாப்போம்" என்றாள் அவள். அத்தோடு மஞ்சள் ஜெயித்தது.

வேலை பாதியில் இருக்கும்போது மகளுக்குச் சளி நெஞ்சில் கட்டியது. மருத்துவமனையில் சேர்த்த அன்றைக்குக்கூட, "மேஸ்திரி இன்னிக்கு வந்தாரா?" என்று கேட்டாள். வந்தார் என்று பொய் சொன்னார்கள். அந்த வாரமே போய்விட்டாள்.

அதன்பிறகு வேலை நின்றது. இவள்தான் ஒருநாள் மனதைத் தேற்றிக்கொண்டு மேஸ்திரிக்குப் போன் செய்தாள். நாளைக்கு வருகிறேன் என்றார். வரவில்லை. மறுபடி போன். மறுபடி நாளைக்கு. கடைசியில் இவள் பிடித்து உலுக்கியபோது, "உங்க மனசு எப்படி இருக்கோன்னுதாம்மா..." என்று இழுத்தார்.

"என் மனசையா பூசப்போறீங்க? சுவரைத்தானே?"

"சரிங்கம்மா" என்றார்.

இந்தச் 'சரிங்கம்மா'தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே சேர்ந்து அவளுக்குச் சரிங்கம்மா போட்டுக்கொண்டிருந்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், குழந்தைகளுக்கான சிரப் அடுக்கின் பக்கமே போகாதபடி முதலாளி அவளை பில் போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார். யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், கூட வேலை செய்கிற பெண்கள் எதேச்சையாக நடந்து வருவதுபோல வந்து நடுவில் மறைத்து நிற்பார்கள். அவள் எட்டிப் பார்த்தால் அவர்களும் சேர்ந்து சாய்வார்கள்.

வீட்டில் கணவன் இன்னும் மோசம். எதைக் கேட்டாலும், "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்." ஒருநாள் வேண்டுமென்றே சாப்பாட்டில் உப்பே போடாமல் வைத்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் கழுவிவைத்து, "நல்லாருந்துது" என்றான். அவளுக்குத் தட்டைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை மேஸ்திரி வந்தார். வந்தவர் சிமெண்ட் மூட்டையைப் பார்த்தபடி கேட்டார்: "வாஷ்பேசின்... எந்த உயரத்துல வைக்கட்டும்மா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "அவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் திரும்பியபோது, மகளுக்காகக் கீழே விட்டிருந்த குழாய் வாயை அடைத்துப் பூசியிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. அதற்கு மேலே, பெரியவர்கள் நின்றுகொண்டு கழுவும் உயரத்தில், சுவரைக் கொத்திப் புதுக் குழாய் இழுத்திருந்தார்கள். கணவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைக் கேக்காம எப்படிங்க மாத்துனீங்க?"

"உன்னைத்தான் முதல்ல கேட்டாரு. நீ என்னைக் கேக்கச் சொன்ன. நான் சொன்னேன்."

"எப்பவும்போல 'அவளைக் கேளுங்க'ன்னு சொல்லவேண்டியதுதானே?"

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இன்னும் அக்கா வீட்டுல போய்க் குளிச்சிட்டிருக்கோம்!"

கத்தியே விட்டான். அவன் குரல் இப்படி உயர்ந்து அவள் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. கோபத்துக்கு நடுவிலும் அது ஏதோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது.

"அது அவளுக்காகப் போட்ட பைப்புங்க."

"எனக்குத் தெரியாதா? நாற்காலிய இங்க நிறுத்தி, அவ கை எட்டுதான்னு பாத்துப் பாத்து கோடு போட்டவனே நான்தான். இனிமே தினம் காலைல நான் அந்த உயரத்துக்குக் குனியணுமா? என்னால முடியாது."

"அதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? வாயையே திறக்கமாட்டேன்னு சபதமா?"

"சொன்னா நீ உடைஞ்சுபோயிடுவியோன்னு..."

"உடையுறதுக்கு நான் என்ன டைல்ஸா?"

மேஸ்திரி கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் வேணா நாளைக்கு..."

"நில்லுங்க!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது ஒரு வார்த்தை எனக்குப் போன் பண்ணியிருக்கலாமில்ல? யார் என்ன சொன்னாலும் உடனே கொத்திடுவீங்களா?"

மேஸ்திரிக்கு அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, அவரும் வெடித்துவிட்டார். "ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா நான் என்னதாம்மா பண்றது? அந்தப் பொண்ணு இருந்தவரைக்கும் எனக்கு ஒரே முதலாளி. மஞ்சள்னா மஞ்சள், முடிஞ்சுது. இப்ப இந்த வீட்டுல ஒரு வார்த்தை ஒழுங்கா வருதா?"

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, எதற்கென்று தெரியாமல் கையில் சுருட்டினார்.

கணவன் அப்படியே மணல் குவியல்மேல் உட்கார்ந்தான். "நிஜந்தான் மேஸ்திரி. மேனேஜர் போனதுக்கப்புறம் இங்க ஆபீஸே ஓடல" என்றான். சிரிப்பது மாதிரிதான் ஆரம்பித்தது. பிறகு முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். சுடுகாட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

அவள் அவனைத் தேற்றவில்லை. புதுச் சேலை என்றும் பார்க்காமல் மணலில் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு இவ்ளோ நாளா?" என்று திட்டிக்கொண்டே தானும் அழுதாள். மேஸ்திரி வெளியே போனார். முகத்தைக் கழுவிக்கொண்டு மூன்று டீயோடு திரும்பினார்.

அன்றைக்கே எல்லாம் பேசி முடிவானது. வாசல் அகலமாகவே இருக்கும், நிலைப்படி வராது. அதில் அவள் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. வாஷ்பேசின் மட்டும் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். மனம் ஆறிச் சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். மறுபடி உடைத்தால் இன்னும் எத்தனை நாள் நாத்தனார் வீட்டு வெந்நீரோ என்ற பயம்.

வேலை முடிந்து, முதல்முறையாகச் சொந்த வீட்டில் குளிக்கப் போனாள். கதவைச் சாத்தி, ஷவரைத் திறந்து, புதுத் தரையில் உட்கார்ந்தாள். வாளி தூக்க யாருமில்லை, மறைத்து நிற்க யாருமில்லை. வாய்விட்டு அழுதாள். நிலைப்படி இல்லாததால் தண்ணீர் கதவுக்கு அடியில் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டாள்.

கதவு தட்டப்பட்டது. "எவ்ளோ நேரம்? எனக்கு ஆபீஸ் இருக்கு."

"இருங்க! ஒரு மனுஷி நிம்மதியா அழக்கூட முடியாதா இந்த வீட்டுல?"

வெளியே, கூடத்துத் தண்ணீரில் அவன் கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது.

"சரி, அழுதுட்டு வா" என்றான் அவன். "சீக்கிரம் வா. அடுத்து நான் போகணும்."

அவள் ஷவரை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டாள்.