ஏழாவது வரியின் ஆணி

திண்டிவனம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுவந்தாள் லூர்துமேரி. அவள் தம்பி சவுரிராயன் பட்டாளத்து லாரி டிரைவர். 1944-இல் ஈராக்கிலிருந்து லீவில் வந்தவன், திரும்பிப் போகிற அன்று பிளாட்பாரத்தில் வைத்துத்தான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுட்ட மண் ஓடு; மேலெல்லாம் வரிவரியாக ஆணி வடிவத்தில் குத்திய தடங்கள்.

"பேரீச்சம்பழம் கொண்டாருவேன்னு பார்த்தா மண்ணைக் கொண்டாந்திருக்கியே!"

"கணக்குக்கா இது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி அந்த ஊர்க்காரன் எழுதினதோட நகல், பாக்தாத் கடைத்தெருவுல வாங்கினேன். நேரா நிக்கிற ஆணின்னா ஒண்ணு. மூலை மாதிரி மடங்கியிருந்தா பத்து. ஒம்போதாம் வாய்ப்பாடு."

லூர்துமேரிக்கு எழுத்து தெரியாது. கணக்கு நன்றாகத் தெரியும். கூடையை இறக்கிவிட்டு விரலால் தடவிப் பார்த்தாள். முதல் வரியில் ஒன்பது ஆணி. அடுத்ததில் ஒரு மூலை, எட்டு ஆணி: பதினெட்டு. இப்படியே ஐம்பத்துநாலு வரை சரியாக வந்தது. ஏழாவது வரியில் ஒரு ஆணி, கொஞ்சம் இடம் விட்டு மூன்று ஆணி.

"அறுபத்துமூணு வரணுமே. நாலுதானே இருக்கு?"

"அங்கதான் தப்பு பண்ணிட்டான். எங்க ஆளுங்கல்லாம் பார்த்துச் சிரிச்சாங்க."

அப்போது போர்ட்டர் தாண்டவராயன் கத்திக்கொண்டே வந்தார். "மெட்ராஸ் வண்டி விழுப்புரத்துலயே நின்னுக்கினு இருக்கு! எழுபது நிமிஷம் லேட்டு!"

"எழுபதுன்னா எவ்ளோ நேரம்மா?" என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்.

"ஒரு மணி பத்து நிமிஷம்" என்று சொன்ன லூர்துமேரி சட்டென்று ஓட்டைப் பிடுங்கினாள்.

"டேய், முன்னால நிக்கிற ஆணி ஒண்ணு இல்லடா, அறுபது! ஒரு மணி மூணு நிமிஷம்னா அறுபத்துமூணுதானே?"

இருவரும் அடுத்த வரிக்குத் தாவினார்கள். ஒரு ஆணி, தள்ளி ஒரு மூலை, இரண்டு ஆணி. அறுபதும் பன்னிரண்டும் எழுபத்திரண்டு! அதற்கடுத்தது எண்பத்தொன்று. பத்தாவது வரி தொண்ணூறு. எல்லாமே சரி. சவுரிராயன் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தான். தாண்டவராயன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பாதி புரிந்தும் புரியாமலும் பிளாட்பாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

வண்டி வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்த சவுரிராயன், "கேம்ப்புல எல்லார்கிட்டயும் சொல்றேன், எங்க அக்காதான் கண்டுபிடிச்சான்னு" என்றான்.

"என்னைச் சொல்லாட்டி போவுது. அவன் சரியாத்தான் எழுதினான்னு சொல்லு. செத்தவனைப் பார்த்து இத்தனை பேரு சிரிச்சிருக்கீங்க, பாவம்."

வண்டி கிளம்பிவிட்டது. இருந்த சந்தோஷத்தில் அந்த வண்டிக்கு அவள் ஒரு படி மல்லாட்டைகூட விற்கவில்லை.