ஏரம்பு தொடங்கிவிட்டுப் போன வேலை

என் அப்பா நமசிவாயத்துக்கு ஒரு பெருமை உண்டு. வேலையாள் பிடிக்கத் தன்னைப்போலத் தெரிந்தவர் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலேயே இல்லை என்பது. காலமெல்லாம் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். ஆனால் ஓடு மாற்றுகிறவனையும் கிணறு இறைக்கிறவனையும் தேடிப் பிடிப்பதில்தான் தன் கெட்டித்தனம் இருக்கிறது என்று நினைத்தார். எந்த ஊர், யாருடைய மகன், குடிப்பானா, போன இடத்தில் வேலையை முடித்துக் கொடுத்தானா என்று அவர் விசாரிக்கிற விசாரணையைப் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடச் செய்ய மாட்டார்கள். "ஆளைப் பாராதை பிள்ளை, அவன் செய்த வேலையைப் பார்" என்பார். பார்த்தார். பார்த்துப் பார்த்தே எங்களுக்குப் பங்கர் இல்லாமற் போனது.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட, எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டியாகிவிட்டது. பேப்பரில் பதுங்குகுழி என்று எழுதினார்கள். குண்டு போடுகிற பொம்மர் தலைக்கு மேலே வரும்போது அவ்வளவு நீளமான சொல்லுக்கு யாருக்கு நேரம்? எங்கள் வளவில் மட்டும் அது இல்லை. அந்த ஒழுங்கையிலேயே ஓட முடியாதவள் நான் ஒருத்திதான். சின்ன வயதில் போலியோ வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. தடி ஊன்றி நடப்பேன், வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுப்பேன். அம்மா செத்த பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான்.

எதிர் வீட்டு மியூரியல் அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். அவருடைய வளவில் நல்ல பங்கர் இருந்தது. "எந்த நேரமெண்டாலும் வாங்கோ" என்று சொல்லி வாசற் படலையைப் பூட்டாமலே விட்டிருந்தார். இரைச்சல் கேட்டதும் அப்பா என் கையைத் தன் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு புறப்படுவார். எங்கள் படலையைத் தாண்டுவதற்குள் குண்டு விழுந்து முடிந்திருக்கும். பிறகு மெல்லத் திரும்பி வருவோம். இப்படி எத்தனை நாளைக்குத் தப்புவது? அடுத்த முறை நான் செத்துவிடுவேன் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

எனக்குச் சரிவாக இறங்குகிற வாசலோடு ஒரு பங்கர் வேண்டும். படிக்கட்டு சரிவராது. அதற்கு ஆள் தேடி அப்பா சைக்கிளில் புறப்பட்டார். யார் யார் வெட்டிய பங்கர் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போய் இறங்கினார். சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே ஏறி மிதித்துப் பார்த்தார். ஒருவன் மேலே மூடப் பனங்குற்றிக்குப் பதிலாகத் தென்னங்குற்றி போட்டிருந்தானாம், அவன் சரியில்லை. தம்பிராசா என்றொருவர் தானாகவே வந்து நாளைக்கே தொடங்குவதாகச் சொன்னார்.

"நாளைக்கே வாறன் எண்டு சொல்லுறவனுக்கு வேறை வேலை இல்லையெண்டுதானே அருத்தம்?" என்று அப்பா அவரை அனுப்பிவிட்டார்.

"வேலை இல்லாதவர் வந்தால் எங்கடை வேலை நடக்குமெல்லே அப்பா?"

"உனக்கு உது விளங்காது, குணம்."

கடைசியில் அளவெட்டிப் பக்கம் ஏரம்புவைப் பிடித்தார். கிணறு வெட்டிப் பழகிய கை. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே முழங்கால் ஆழத்திலேயே கல் வந்துவிடும், அதை உடைக்கக் கூடிய ஆள் வேண்டும் என்பது உண்மைதான். ஏரம்பு வந்தார், என் நடையைப் பார்த்தார், வாசலுக்கு எவ்வளவு சரிவு வேண்டும் என்று நிலத்தில் கோடு கீறினார். அவரைப் பிடிக்காமல் போக எனக்கும் காரணம் கிடைக்கவில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடையாது என்று அப்பா ஒரு புதன்கிழமையைக் குறித்தார். கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து வேலை தொடங்கியது. பின்னேரம் கல் தட்டுப்பட்டதும் ஏரம்பு கல் பெயர்க்கிற தன் அலவாங்கை, வெட்டிய கிடங்கின் நடுவில் குத்தி நிறுத்திவிட்டுக் கைகால் கழுவினார்.

"சனிக்கிழமை வாறன் ஐயா. உதிலை நிக்கட்டும்."

அலவாங்கு நின்றால் அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கிணறு வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த முறை அது. அப்பா வெகு திருப்தியாக அந்த இரும்பைப் பார்த்தார். சனிக்கிழமை ஏரம்பு வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. அப்பா அளவெட்டிக்குப் போனபோது ஏரம்புவின் மனைவி, அவர் வன்னியில் இருக்கிற தமையனுக்குச் சுகமில்லையென்று கிளாலிக் கடலால் போய்விட்டார் என்று சொன்னாள். எப்போது வருவார்? படகு எப்போது ஓடும், நேவி எப்போது சுடும் என்று தெரிந்தவர் யார்? அவளுக்கே தெரியாது. பாவம், அவள் அழுதாளாம்.

நான் அப்பாவை வாயால் விரட்டி விரட்டித் தம்பிராசாவிடம் அனுப்பினேன். அந்த மனிதர் பழசை மனதில் வைக்காமல் வந்தார். கிடங்கைப் பார்த்தார். இறங்கவில்லை.

"ஏரம்பண்ணையின்ரை அலவாங்கு நிக்குது, ஐயா."

"அவர் வன்னிக்குப் போட்டார்" என்றேன் நான்.

"போனவர் வருவார்தானே, தங்கச்சி. அவர் ஒரு சொல்லு சொல்லி அனுப்பினால் இப்பவே இறங்கிறன். அதைப் பிடுங்கிப்போட்டு வெட்டினால் நாளைக்கு நான் அவற்ரை முகத்திலை முழிக்கேலாது."

"அப்ப அங்காலை வேறை இடத்திலை வெட்டுங்கோ."

"எங்கை வெட்டினாலும் இந்த வளவிலை இது அவற்ரை வேலை."

"அவற்ரை முகத்தைப் பாக்கிறியள். என்ரை காலை ஒருக்காப் பாருங்கோ!"

தம்பிராசா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் அவர்மேல் இல்லை. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அவன் சொல்லுறது நியாயம், பிள்ளை. உப்பிடி முறை தெரிஞ்சவன் எண்டு தெரிஞ்சிருந்தால் முதலே இவனைப் பிடிச்சிருப்பன்" என்றார். வானத்திலிருந்து குண்டு விழுகிறது, எங்கள் ஆட்கள் முறை பார்க்கிறார்கள். வேறு இருவரும் வந்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டு அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். தானே வெட்டுகிறேன் என்று அப்பா ஒருநாள் மண்வெட்டியோடு இறங்கினார். கல்லில் பட்டுப் பட்டுக் கை கொப்பளித்ததுதான் மிச்சம். மழை பெய்து கிடங்கில் தண்ணீர் நின்றது, அதில் தவளை கத்தியது.

ஒரு காலை. நான் தையல் மெஷினில் இருந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா முற்றத்தில் நின்று பூவரசம் குழை வெட்டிக்கொண்டிருந்தார். பொம்மர் வழக்கத்தை விடப் பதிவாக, தாழப் பறந்து வந்தது, தூரத்துச் சத்தமே கேட்கவில்லை, திடீரென்று தலைக்கு மேலே நின்றது. நான் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து "அப்பா!" என்று கூப்பிட்டேன்.

யன்னலால் பார்த்தேன். அப்பா ஓடிக்கொண்டிருந்தார். வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, படலையைத் தள்ளிக்கொண்டு மியூரியல் அக்கா வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். அவரால் அப்படி ஓட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இவ்வளவு காலமும் என்னைச் சுமந்துகொண்டு நடந்ததால்தான் கிழவராகத் தெரிந்திருக்கிறார்.

குண்டு சந்திப் பக்கம் விழுந்தது. ஓடுகள் நொறுங்கி விறாந்தையில் கொட்டின. நான் மெஷினுக்குக் கீழே கிடந்தேன். சாகப் பயமாக இருந்தது. தனியாகச் சாகிறேனே என்று அதைவிடப் பயமாக இருந்தது.

இரைச்சல் அடங்கிய பிறகு மியூரியல் அக்காவின் குரல்தான் முதலில் கேட்டது. "குணம் எங்கை, ஐயா? குணத்தை எங்கை விட்டுட்டு வந்தனீங்கள்?" என்று அவர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். என்னை இழுத்து எடுத்து, தலையில் கிடந்த ஓட்டுத் தூளைத் தட்டிவிட்டு, அழுதுவிட்டுப் போனார். அப்பா வாசலுக்கு வெளியே நின்றார். முழங்கால் இரண்டிலும் செம்மண். உள்ளே வரவில்லை.

"வாங்கோ அப்பா. எனக்கு ஒண்டுமில்லை."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இஞ்சை கிட்டத் திருநெல்வேலியிலை ஒருத்தன் இருக்கிறானாம். வெளியூரான். உந்த முறையொண்டும் பாக்கமாட்டானாம். நாளைக்குப் போய் விசாரிச்சு..."

"ஓம் அப்பா" என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கால் இருந்திருந்தால் நானும் ஓடியிருப்பேன். அதை அவரிடம் சொன்னேன், ஒருதரம் அல்ல, பலதரம். சொல்லச் சொல்ல அவர் சுருங்கிப் போனார். திருநெல்வேலிக்கு அவர் போகவில்லை. சைக்கிளைத் தொடவே இல்லை. வேலையாட்களைப் பற்றிய கதை அந்த வீட்டில் அதோடு நின்றுபோனது.

அடுத்த முறை பொம்மர் வந்தபோது அப்பா கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்கள் போங்கோ அப்பா! அக்கா வீட்டை ஓடுங்கோ!" என்று கத்தினேன். கையைப் பிடித்துத் தள்ளினேன். அவர் அசையவில்லை. கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓடப் புறப்பட்டவர்போல இரண்டு குதிக்காலும் நிலத்தில் படாமல் எழும்பி நின்றன. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. படலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.