கடல் மைலும் கிலோமீட்டரும்

பாம்பன் படகுக்காரர்களுக்கான செயலியை அஸ்பியா எழுதிய வேகத்தைப் பற்றி அவளோடு வேலை பார்த்தவர்கள் இன்றும் வியந்து பேசுவார்கள். இலங்கைக் கடல் எல்லை நெருங்கும்போது கைபேசி சத்தமிட்டு எச்சரிக்க வேண்டும். அதுதான் செயலியின் வேலை. ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாள். அந்த மொழியில் ஓர் எண்ணைக் கொடுத்தால், அது தூரமா ஆழமா என்று கணினி கேட்காது, வாங்கிக்கொண்டு ஓடும். அதனால் நினைத்ததும் எழுதலாம், எழுதியதும் ஓட்டிப் பார்க்கலாம்.

இராமநாதபுரம் அலுவலகத்திலிருந்து லேப்டாப்போடு பாம்பனுக்கே போய்விடுவாள். படகு உரிமையாளர் காளிதாஸ், "எழுத்து பெருசா வேணும்மா, வெயில்ல ஒண்ணும் தெரியல" என்பார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் எழுத்து பெரிதாகியிருக்கும். "மைல்ல காட்டும்மா. கடல்ல கிலோமீட்டர யாரு பாக்குறா?" அதுவும் அங்கேயே மாறியது. மற்ற படகுக்காரர்களும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் காளிதாஸ் அலுவலகத்துக்கு வந்தார். முகம் சரியில்லை.

"அஞ்சு மைல் இருக்கயிலயே கத்தும்னுதானம்மா சொன்ன? அது கத்துறப்ப எல்லைக்கு மூணு மைல்கூட இல்ல. பக்கத்துப் படகுக்காரன் வயர்லெஸ்ல சத்தம் போட்டதால திருப்பிட்டேன்."

"யா அல்லாஹ்" என்றாள் அஸ்பியா. எழுதிய நிரலைத் திறந்து பார்த்தாள். திரையில் காட்டுவதைக் கடல் மைலுக்கு மாற்றியிருந்தாள். எச்சரிக்கைக் கணக்கு உள்ளே கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டது. ஐந்து என்பது இரண்டு இடத்திலும் ஐந்துதான். கணினிக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அன்றே திருத்திவிட்டாள். ஆனால் பக்கத்து மேசை நிமலனுக்கு மனம் ஒப்பவில்லை. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவன். அதிகம் பேச மாட்டான்.

"டைப்ஸ்கிரிப்டில மாத்தி எழுதுவம் அஸ்பியா. ஒவ்வொரு எண்ணும் என்னது எண்டு முன்னமே சொல்லி வைக்கலாம். மைல் வர வேண்டிய இடத்தில கிலோமீட்டர் வந்தா அங்கேயே பிழை காட்டும். படகுக்குப் போய்ச் சேராது."

"ஒவ்வொண்ணுக்கும் வகை எழுதிக்கிட்டிருந்தா எப்ப முடிக்கிறது? அதுக்குள்ள ஆளுக வேற செயலிக்குப் போயிருவாக."

"தொடக்கத்தில மெதுவாத்தான் போகும்" என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

மெதுவாகத்தான் போனது. புதிதாக எதுவும் சேர்க்க முடியாமல் அஸ்பியா எரிச்சலோடு காத்திருந்தாள். ஒரு காலையில் நிமலன் கூப்பிட்டான். திரையில் பிழை காட்டும் சிவப்புக் கோடுகள். படகின் வேகம் மணிக்குக் கடல் மைலில் வர, கரை சேரும் நேரக் கணக்கு அதைக் கிலோமீட்டராக எடுத்துக்கொண்டிருந்தது.

"இத யாருமே சொல்லலையே!"

"ஒருத்தரும் கவனிக்கேல்ல. நானும்தான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செயலியை ஒரு முறைகூட ஓட்டாமலே, அது தன் தவறுகளைக் காட்டிக்கொண்டிருந்தது. எரிச்சல் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த முறை காளிதாஸ் கேட்டது பெரிய மாற்றம். கடல் வரைபடத்தின் ஆழத்தை மீட்டரில் காட்டாமல், மீனவர்கள் கயிற்றை இரு கை விரித்து அளக்கும் பாகம் கணக்கில் காட்ட வேண்டும். ஆழம் செயலியின் மூலை முடுக்கெல்லாம் பரவியிருந்தது. முன்பென்றால் மாற்றி அனுப்பிவிட்டு, கடலிலிருந்து யார் கூப்பிடப்போகிறார்களோ என்று பயந்திருப்பாள். இப்போது ஆழத்தின் வகையை ஓரிடத்தில் மாற்றினாள். அதைத் தொட்ட இடமெல்லாம் சிவந்தது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் ஒரு சிவப்பும் மிச்சமில்லை.

"இது நான் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதுனதவிட வேகம், நிமலன்."

"நீங்க அவ்வளவு வேகமா எழுதியிராட்டி, திருத்தி எழுத எனக்கு ஒண்டும் இருந்திருக்காது" என்றான் அவன்.

கடலுக்குப் போய்த் திரும்பிய காளிதாஸ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாகம் சரியாத்தாம்மா காட்டுது. நம்பாம ஈயக்குண்டு கட்டிக் கயிறு விட்டுப் பாத்தேன்."

அஸ்பியா சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியை நிமலன் பக்கம் நீட்டினாள்.