நானூற்று ஆறாவது கடை

தெரு முதன்முறையாக நீண்ட சனிக்கிழமை மாலையில் அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர்: ஓய்வு பெற்ற நில அளவையாளர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், மாப்பிள்ளை, மனைவியின் தம்பியான பல் டாக்டர். சாப்பாட்டுக் கடைகள் மட்டுமே இருந்த அந்தத் தெருவில் பத்தொன்பது கடைகளையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு அவர்கள் கோடிக்கு வந்தபோது, போன வாரம் வரை மதில் சுவர் இருந்த இடத்தில் இருபதாவது கடை திறந்திருந்தது. மதில் முப்பது அடி தள்ளிப் போயிருந்தது. அளந்து சொன்னவர் முப்பத்தொரு வருடம் அளவுச் சங்கிலி பிடித்தவர் என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே சாப்பிடுவதென்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் அத்தனை பேரும் அடுத்த வாசலுக்கு நடப்பார்கள். இதைப் பிடிவாதம் என்று சொன்ன உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் ஒருவர் அதட்ட, மற்றவர்கள் வாய் மூடிச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"எனக்கு எங்கன்னாலும் சரி" என்றார் மனைவி.

"அப்ப இந்த மீன் கடைம்மா?" என்றாள் மகள்.

"அங்க மேசையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். வேற எங்கன்னாலும் சரி."

"அக்காவுக்கு எங்கன்னாலும் சரிதான், உள்ளதான் போக மாட்டா" என்றார் பல் டாக்டர். "என்கிட்ட வர்றவங்க இதைவிடச் சீக்கிரம் வாயத் திறப்பாங்க, அத்தான்."

நில அளவையாளர் சிரிக்கவில்லை. இருபதாவது கடையில் வெளிச்சம் போதாது என்றார். எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். அங்கே சிரிப்புக்குக் குறைவில்லை. அடுத்த சனிக்கிழமை இருபத்தோராவது கடை திறந்திருந்தது. ஒவ்வொரு கடையும் உரிமையாளரோடு, கரி படிந்த அடுப்போடு, தேய்ந்த நாற்காலிகளோடுதான் வந்தது. உரிமையாளர்களுக்குக் கடை திறந்த நாளுக்கு முந்தையது எதுவும் நினைவில்லை. அதை அவர்கள் ஒரு குறையாகவும் எண்ணவில்லை.

ஏழரை வருடத்தில் நகராட்சி அந்தத் தெருவுக்கு இரண்டு பேருந்து நிறுத்தங்கள் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்து மகளும் போனாள். பல் டாக்டர் கை நடுங்கத் தொடங்கியதும் தொலைவிலிருந்த மகன் வீட்டோடு போய்விட்டார். மனைவி மூன்று நாள் காய்ச்சலில் இறந்தார். இனி ஒற்றை ஆள்தானே, கடையை முடிவு செய்வது எளிது என்று எல்லோரும் நினைத்தார்கள். எளிதாக இல்லை. வாரம் முழுவதும் நின்றபடியே காய்ந்த ரொட்டி தின்றவர், சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பி ஒவ்வொரு வாசலிலும் நின்றார். ஒரு கடையைத் தாண்டிப் பேருந்தில் போவது அந்தக் கடைக்கு மரியாதை இல்லை என்றார். கோடிக்குப் போய்ச் சேர ஏழு மணி ஆனது. அங்கிருந்து மகளைத் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"கோழி சூப்னு போட்டிருக்கு. உனக்குச் சம்மதமா?"

"எங்கயாவது சாப்பிடுங்கப்பா."

"எங்கயாவதுங்கறது ஒரு பதிலாம்மா?"

"நீங்க சாப்பிட்டா எனக்குப் போதும்ப்பா. ரெண்டு தடவ மயங்கி விழுந்துட்டீங்க. இன்னொரு தடவ விழுந்தா நான் வந்து வீட்டப் பூட்டிட்டு உங்கள முதியோர் இல்லத்துல சேத்துடுவேன். சொல்லிட்டேன்."

அவள் சொன்னதைச் செய்கிறவள். ஆனாலும் அது சம்மதம் ஆகாது. அவர் திரும்பி நடந்தார்; தெரு இன்னும் முப்பது அடி நீண்டது.

நானூற்று ஆறாவது கடையை அகன்ற தோள்களுடைய ஒரு பெண் நடத்தினாள். அவ்வளவு தூரம் யாரும் வராததால் அவள் அடுப்பை மூட்டிவிட்டு நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள்.

"உள்ள வாங்க சார். கால் நடுங்குதே."

"எல்லாரும் ஒத்துக்கணும்மா."

"எல்லாரும்னா? பின்னால யாரையும் காணோமே."

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு வழக்கத்தை விளக்கினார். அவள் கையில் கரண்டியோடு கடைசிவரை கேட்டாள்.

"சரி, நான் ஒத்துக்கறேன். எனக்கு இந்தக் கடை பிடிச்சிருக்கு."

"இது குடும்ப விஷயம். நீங்க யாரு இதுல?"

"நானூத்தஞ்சு கடைய நீங்க வேண்டாம்னதாலதான் சார் நான் இருக்கேன். போன வாரம் இங்க வெறும் செவுருன்னு பக்கத்துக் கடைல சொன்னாங்க. இதுக்கு மேல என்ன உறவு வேணும்?"

நில அளவையாளர் வழக்கத்தை இன்னொரு முறை மனதுக்குள் அளந்து பார்த்தார். எல்லோரும் என்றால் இத்தனை பேர் என்று வழக்கத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். அவள் எதிர் நாற்காலியில் அமர்ந்து, "சூப்பா, மீனா?" என்றாள்.

"எதுன்னாலும்..."

"எதுன்னாலும்னு இங்க எதுவும் இல்ல சார்."

"சூப்" என்றார். தனக்கு வேண்டியதை அவர் முந்திக்கொண்டு சொன்னது அதுதான் முதல் தடவை. அவளும் சூப் என்று சம்மதம் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு அடுப்படியில் வேலை இருந்தது. அவர் தனியாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பின் தெரு நீளவில்லை. மூன்றாவது நிறுத்தத்துக்காக நகராட்சி நட்ட கம்பம் மதிலோரம் அப்படியே நிற்கிறது. அதில் துணி காயப்போடுகிறார்கள். சனிக்கிழமைகளில் அவர் இரண்டாவது நிறுத்தம் வரை பேருந்திலேயே போகிறார். அவள் வந்து உட்காருகிறாள், சம்மதம் சொல்கிறாள், எழுந்து போகிறாள்.

சூப் சாப்பிட்ட முதல் நாள் அவர் நடுத்தெருவில் நின்று அழுதார் என்று ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. அது பொய். அவர் கடைக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.