இரண்டாம் நகர்த்தல்

பாய்லர்காரருக்குச் சதுரங்கத்தில் தோற்றுத் தோற்றுப் புளித்துப்போயிருந்தது. மச்சினன் வெள்ளைக் காயை எடுத்தால் போதும், ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, இருபது நகர்த்தலுக்குள் இவரை மண்ணைக் கவ்வ வைத்துவிடுவான். அதற்குத்தான் கேரோ-கான் என்ற தடுப்பாட்டத்தைத் தேடிப் பிடித்தார். பதிலுக்கு, ராணிப் பக்கத்து பிஷப்பின் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்த வேண்டும். உறுதியான ஆட்டம் என்று புத்தகம் சொன்னது. அந்த ஒரு வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார். மனுஷன் சுபாவமே அப்படி.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் மச்சினனுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. இருவரும் வேலை பார்க்கும் மில்லின் சாயப் பிரிவில் அவன் திறந்த வால்வு உடைந்து நீராவி பீய்ச்சியடித்து ஒன்பது நாள் ஆகிறது. அவசரப்பட்டுத் திறந்தான், தப்பு அவன்மேல்தான் என்று கம்பெனி சாதித்தது. மதியம் விசாரணைக்கு ஆள் வருகிறார். பாய்லர்காரர் சொல்லப்போகும் வார்த்தையில்தான் அவன் வேலை இருந்தது.

நேரம் போக வேண்டுமே என்று பலகையை விரித்தார். அவன் வாயால் சொல்ல, இவரே இரண்டு பக்கமும் நகர்த்தினார்.

"அட, கேரோ-கானா! தேறிட்டீங்க மாமா."

அடுத்து ராணியின் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளச் சொன்னான். பலகையின் நடுவே வெள்ளை வந்து உட்கார்ந்ததும் இவருக்கு அங்கே போய் மோத மனமில்லை. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார்.

"போச்சு! முதல்ல அந்தச் சின்ன அடி எதுக்கு வச்சீங்க? அடுத்ததுல ராணி சிப்பாய நடுவுல கொண்டுபோய் மோதத்தான். அதை வெட்டினா, பின்னால நிக்கிறது திருப்பி வெட்டும். மோதவே இல்லன்னா எதுக்கு அது? பதுங்குறதுக்குப் பேரு தடுப்பாட்டம் இல்ல மாமா."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். இவர் பலகையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அந்த வால்வுல விரிசல் இருந்துச்சுடா," என்றார். "சூடு வெளிய போகாம இருக்க மேல சுத்தின கயிறை மாத்துறப்ப பாத்தேன். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். ஆர்டர் முடியட்டும்னாரு. சரின்னு திரும்பச் சுத்தி மூடிட்டேன்."

"ஆவி வர்ற மெயின் லைனை அடைச்சிருக்கலாமே. அது உங்க கையிலதானே இருக்கு?"

"ஆமா."

சூப்பர்வைசரிடம் சொல்லியாயிற்று, நம் பொறுப்பு தீர்ந்தது என்று அன்றைக்கு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர்தான் இவர். அதை நினைக்க இவருக்கே அருவருப்பாக இருந்தது.

"விசாரணையில சொல்லிடுறேன். என் வேலை போனாலும் போகட்டும்."

மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "முதல்ல அக்காகிட்ட சொல்லுங்க."

சாப்பாட்டோடு மனைவி வந்தாள். இவர் சொன்ன எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். அழவில்லை.

"ஒன்பது நாளா 'அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை'ன்னு இவனைத் திட்டிக்கிட்டேதான் ஊட்டினேன். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

பிறகு தம்பியின் தலையை நிமிர்த்தி ஊட்டத் தொடங்கினாள். கை கழுவப் போகும்போதும் இவர் பக்கம் திரும்பவில்லை.